காசு கொடுத்த விண்டோஸ் யாருக்குச் சொந்தம்?

மடிக்கணினியின் மதர்போர்டு கருகிப்போனால், அதில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸுக்கு நாம் கொடுத்த காசும் அதோடு போய்விட வேண்டும் என்பதுதான் இன்றைய விதி. இதை எந்த நாடாளுமன்றமும் விவாதித்து நிறைவேற்றவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் உரிம ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. கணினியை முதன்முதலாக இயக்கிய அவசரத்தில் நாம் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கியிருக்கிறோம். இந்த விதி நியாயமற்றது. சிங்கப்பூர் நினைத்தால் இதைச் சரிசெய்ய முடியும்.

ஞாயிறு பிற்பகலில் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்து பாருங்கள். முதுகுப்பையில் மடிக்கணினியோடு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டு இளைஞர்களில் டிப்ளமோ முடித்தவர்களும் பி.இ. முடித்தவர்களும் நிறையப் பேர். பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, இரவு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டோகேட் பழகுகிறார்கள். பாதுகாப்பு மேற்பார்வையாளர் படிப்புக்குப் பாடம் பார்க்கிறார்கள். எஸ் பாஸ் வேலை கிடைக்காதா என்று தன்விவரக் குறிப்பைத் திருத்தித் திருத்தி அனுப்புகிறார்கள். கைப்பேசியில் இதெல்லாம் நடக்காது. அவர்களுக்கு அந்தப் பழைய மடிக்கணினிதான் அடுத்த படிக்கு ஏணி.

அது பழுதானால் எடுத்துக்கொண்டு போக இந்த வட்டாரத்தில் இடத்துக்குக் குறைவில்லை. சிம் லிம் டவரும் சிம் லிம் ஸ்குவேரும் நடக்கிற தூரம்தான். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் இருந்தது. தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் பழைய சார்ஜரும் ஹார்டு டிஸ்க்கும் கிடக்க, பேரம் பேசி வாங்கிப் போவார்கள். ஒரு பொருள் முழுசாகச் செத்துப்போவதற்கு முன் அதிலிருந்து எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து இன்னொன்றில் பொருத்திவிடுகிற பழக்கம் இந்தத் தெருக்களுக்கு வெகுகாலமாக உண்டு.

அப்படியொரு பழுதுபார்க்கும் மேசையில் நான் பார்த்தது இது. கடைக்காரர் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினார். சார்ஜர் சொருகும் இடத்தை ஒட்டி போர்டில் பச்சை பூத்திருந்தது. ஈரம் இறங்கி நாளாகியிருக்கிறது. “போர்டு போயிருச்சு தம்பி. மாத்துற காசுக்கு வேற செட்டே வாங்கிரலாம்” என்றார். தம்பியிடம் வேறு செட் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போன அறைத்தோழர் விட்டுச்சென்றது. இந்தியாவில் வாங்கியது, விலை குறையட்டும் என்று விண்டோஸ் இல்லாமல் டாஸோடு விற்கிறார்களே, அந்த வகை. “அண்ணே, இதுல இருந்த விண்டோஸை அதுல போட்டுக் குடுங்க” என்று கேட்டார். “அந்த லைசென்ஸ் போர்டோட போயிரும் தம்பி. புதுசாத்தான் வாங்கணும்.” ஒரு கணினியில் உரிமம் இருக்கிறது, உயிர் இல்லை. இன்னொன்றில் உயிர் இருக்கிறது, உரிமம் இல்லை. இரண்டும் ஒரே ஆளின் கையில்.

கடைக்காரர் சொன்னது தவறில்லை. கணினியோடு சேர்ந்தே வருகிற விண்டோஸை ஓஇஎம் உரிமம் என்பார்கள். அந்தக் கணினியை இன்னொருவருக்கு விற்றால் உரிமமும் கூடப் போகும். கணினியை விட்டு அது தனியாகப் போகாது என்பது ஒப்பந்தம். பெட்டியாகவோ இணையத்திலோ தனியே காசு கொடுத்து வாங்கியது ரீட்டெயில் உரிமம். அதைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், எத்தனை முறை கணினி மாற்றினாலும் சரி. நிறுவனங்கள் மொத்தமாக எடுப்பது வால்யூம் உரிமம். அது நிறுவனத்துக்கே உரியது, ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிம் லிம் ஸ்குவேர் கடைகள் பாகங்களின் விலையைப் பொடி எழுத்தில் அச்சடித்துத் தருகிற தாள்களை இங்கே கணினி கட்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தாளில் ஓஇஎம் விண்டோஸ் மலிவாக இருக்கும். ஏன் மலிவு என்று அதில் எழுதியிருக்காது.

உங்கள் கணினியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, கறுப்புத் திரையில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை டிஎல்ஐ என்ற ஒட்டோடு தட்டினால் போதும். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ‘ரீட்டெயில் சேனல்’ என்று இருந்தால் பெரும்பாலும் நீங்கள் பிழைத்தீர்கள். ‘ஓஇஎம்’ என்று தொடங்கினால் அது அந்தப் போர்டுக்குக் கட்டுப்பட்டது. ‘வால்யூம்’ என்று இருந்து, அது எந்த நிறுவனமும் தராத தனியாள் கணினியாக இருந்தால், யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டு எப்படி இறுகியது என்பதையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை, மடிக்கணினியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்துகள். மடியில் வைத்து வைத்து எழுத்து தேய்ந்துபோகும். என்றாலும் உரிமம் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததும் அந்த எண் ஸ்டிக்கரை விட்டு மதர்போர்டின் சிப்புக்குள் போய்விட்டது. விண்டோஸ் 10 காலத்தில் எண்ணும் தேவைப்படாமல் போனது. கணினியின் பாகங்களைப் பார்த்து, முக்கியமாக மதர்போர்டைப் பார்த்து, ஒரு அடையாளத்தை உருவாக்கி மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் பதிந்து வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் டிஜிட்டல் உரிமம். 2016 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு அதை நம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கவும் முடிகிறது. பாகம் மாறினால் கணக்கில் நுழைந்து, ‘அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்று சொல்லி மறுபடி செயல்படுத்திக்கொள்ளலாம்.

ஆக, ஒரு உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றித்தரும் ஏற்பாடு நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ரீட்டெயில் வாங்கியவருக்கு அந்தக் கதவைத் திறக்கிறார்கள். ஓஇஎம் வாங்கியவருக்கு அதே கதவைச் சாத்துகிறார்கள். தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்ற சாக்குக்கு இங்கே வழியே இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் அமெரிக்க விலை 139 டாலர். அந்தத் தம்பியைப் போன்றவர்களில் பலருக்கு அது ஒரு வாரத்துக்கும் மேலான அடிப்படைச் சம்பளம். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கைவைத்து யாராவது அதை வாங்குவார்களா? மாட்டார்கள். இணையச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற எண்ணை வாங்குவார்கள். அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்து முடக்கினால் காசு போனதுதான். சில, 180 நாளுக்கு ஒருமுறை நிறுவனத்தின் சர்வரைத் தொட்டால்தான் உயிரோடு இருக்கும் வகை. அதுவும் முடியாதவர்கள் யாரோ ‘கிராக்’ செய்த மென்பொருளை இறக்கிக்கொள்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கிற, வீட்டுக்குப் பணம் அனுப்புகிற அதே கணினியில், எவன் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை நேர்மையாகக் காசு கொடுத்தவரை இந்த விதிதான் அங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஜெர்மனி இந்தக் கோபத்துக்கு நீதிமன்றத்தில் விடை கண்ட நாடு. கணினியோடு மட்டுமே விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்ட ஓஇஎம் மென்பொருளைக் கணினி இல்லாமல் தனியே விற்ற வணிகர்மீது வழக்கு. 2000 ஜூலை 6ஆம் தேதி அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையாளர் தன் சம்மதத்தோடு ஒரு பிரதியைச் சந்தைக்கு விட்டுவிட்டால், அதற்குப் பிறகு அது எப்படிக் கைமாற வேண்டும் என்று பதிப்புரிமையைக் காட்டிக் கட்டளையிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2012 ஜூலை 3ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. வட்டு ஒன்றும் இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருளாக இருந்தாலும், காலவரையில்லாத உரிமத்துக்குக் காசு வாங்கியிருந்தால் அது விற்பனைதான். வாங்கியவர் மறுபடி விற்கலாம். ஆனால் தன்னிடம் இருக்கும் பிரதியை அவர் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்றது. விண்டோஸ் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால் இதன் தடயம் அதிலேயே கிடைக்கும். உரிமத்தை மாற்றுவது பற்றிய பகுதியில், ஜெர்மனியிலும் குறிப்பிட்ட சில நாடுகளிலும் வாங்கியவர்களுக்கு இந்த நிபந்தனைகள் பொருந்தாது, அங்கே உள்ளூர்ச் சட்டப்படியே நடக்கும் என்று இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் வாங்கியவருக்கு ஒரு நியாயம், தேக்காவில் வாங்கியவருக்கு ஒரு நியாயம். வித்தியாசம் நாட்டின் சட்டத்தில் இருக்கிறதே தவிர மென்பொருளில் இல்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. ஒரு கட்டடக்கலை நிறுவனம் விற்ற பழைய ஆட்டோகேட் பிரதிகளை வாங்கி ஈபேயில் விற்றவருக்கு எதிராக 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டோடெஸ்க் மென்பொருளை விற்கவே இல்லை, உரிமம்தான் கொடுத்தது என்றது. அந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எரிக் லண்ட்கிரென் வழக்கைச் சொல்வேன். மின்கழிவு மறுசுழற்சித் தொழிலில் பெயர் பெற்றவர் அவர். பழைய டெல் கணினிகளில் விண்டோஸை மறுபடி நிறுவ உதவும் வட்டுகளைச் சீனாவில் 28,000 பிரதி போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். உரிமம் உள்ள கணினிக்குத்தான் அந்த வட்டு பயன்படும். அதே மென்பொருளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வட்டின்மேல் டெல், விண்டோஸ் முத்திரைகளை அச்சிட்டிருந்தார். அது தப்புதான், குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால், தண்டனைக்கு வட்டுகளின் மதிப்பைக் கணக்கிட்டபோது ஒன்றுக்கு 25 டாலர் என்று போட்டு 7 லட்சம் டாலர் என்றது நீதிமன்றம். 15 மாதச் சிறை, 50,000 டாலர் அபராதம். 2018 ஏப்ரலில் மேல்முறையீடும் தோற்றது. அந்த வட்டுகள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கணினிகளுக்கு எப்போதோ காசு கட்டியாகிவிட்டது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லாமல் போனது.

சிங்கப்பூர் எந்தப் பக்கம் போக வேண்டும்? 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு துணிச்சலான ஏற்பாடு இருக்கிறது. கணினி வழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் பிரதியெடுக்க அனுமதி கொடுத்ததோடு நிற்காமல், அந்த அனுமதியை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்றும் சட்டம் சொல்லிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் துறை வளர வேண்டும் என்பதற்காக, தனியார் ஒப்பந்தத்தின் வாசகத்தைச் செல்லாததாக்க நாடாளுமன்றம் தயங்கவில்லை. பெரிய நிறுவனங்களுக்காகச் செய்ததைச் சாதாரண வாங்குநருக்காகவும் செய்யலாம். கணினி பழுதாகிப் பயன்பாட்டை விட்டுப் போனால், அதில் இருந்த இயங்குதள உரிமத்தை அதே உரிமையாளர் தன்னுடைய வேறொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்; இதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது. இவ்வளவுதான் கேட்கிறேன். பழைய கணினிகளிலிருந்து உரிமங்களை உரித்தெடுத்து மூட்டையாக விற்கும் வணிகத்துக்கு நான் இடம் கேட்கவில்லை. ஐரோப்பா அதுவரைக்கும் போனது, நாம் போகாவிட்டாலும் பரவாயில்லை.

ஓஇஎம் உரிமம் மலிவாக இருப்பதே அது மாறாது என்பதால்தான், மாற்ற விட்டால் விலை ஏறும் என்று மறுப்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, தட்டிவிட முடியாது. ஆனால், மலிவுக்காக ஒரு உரிமையை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முஸ்தபாவில் மடிக்கணினி வாங்குகிறவருக்கு அந்த விலையில் விண்டோஸின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. அது வேறு கணினிக்கு மாறாது என்று எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. கண்ணில் காட்டாத தள்ளுபடியை வாங்கிக்கொண்டதாக ஒருவர்மீது கணக்கு எழுதுவது வியாபார ஒழுங்கு ஆகாது. ஜெர்மனியில் அந்தத் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அங்கேயும் கணினிகள் இன்றுவரை விண்டோஸோடுதான் விற்கின்றன. மைக்ரோசாஃப்ட் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை. சட்டம் மாறும்வரை குறைந்தது ஒன்று செய்யலாம்: ‘இந்த விண்டோஸ் இந்தக் கணினிக்கு மட்டும்’ என்று விலைச்சீட்டிலேயே, நான்கு மொழிகளிலும், அச்சிட வைக்கலாம். பயனீட்டாளர் சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

காலமும் நெருக்குகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தனியாள் பயனாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2016இல் வாங்கிய நல்ல கணினிகூட இதில் தேறாது. ரீட்டெயில் வைத்திருப்பவர் தன் விண்டோஸ் 10 உரிமத்தாலேயே புதிய கணினியில் விண்டோஸ் 11ஐச் செயல்படுத்திக்கொள்வார். ஓஇஎம் வைத்திருப்பவர், அதாவது கடையில் மடிக்கணினி வாங்கிய நாம் எல்லாரும், பழையதை உரிமத்தோடு மூலையில் போட்டுவிட்டு மறுபடி காசு கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2021 ஜூலை முதல் தயாரிப்பாளர்களே கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று சட்டமும் வைத்திருக்கிறோம். அந்தத் திட்டம் உலோகத்தைப் பிரித்தெடுக்கும். உள்ளே இருந்த உரிமத்துக்கு அதில் கணக்கே இல்லை.

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், போட வேண்டும் என்றும் சொல்வேன். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அந்த ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது; லினக்ஸ் பக்கம் எல்லாம் திறந்திருந்தது. கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. மின்னஞ்சல், காணொளி, எழுத்து வேலை இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் தேக்காவுக்கு வருகிற அந்தத் தம்பிக்கு வேண்டியது ஆட்டோகேட். அது லினக்ஸுக்கு வருவதில்லை. அவருடைய அடுத்த வேலை அந்த மென்பொருளில் இருக்கும்போது, மாற்று இருக்கிறது என்று நாம் உபதேசம் செய்து பயனில்லை.

இதில் சிங்கப்பூர் நிறுவனங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் வீட்டுக் கல்விக்கு மாறியபோது, இஞ்சினியரிங் குட் என்ற தொண்டு அமைப்பின் தொண்டூழியர்கள் நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அன்று பல வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி என்பதே இல்லை. நன்கொடையாக வரும் கணினிகளில் பெரும்பகுதி அலுவலகங்கள் கழித்துக்கட்டுபவைதான். அலுவலகம் அதில் தன் வால்யூம் விண்டோஸை ஓட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுத்தாலும், தொழிற்சாலையில் இருந்து வந்த ஓஇஎம் புரோ உரிமம் பெரும்பாலும் போர்டில் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவினால் தானாகவே உயிர்பெறும், ஒரு காசு செலவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றுக்கு மறுபடி உரிமம் வாங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் அலுவலகங்கள் கொடுக்கிற விதத்தில்தான் பாதி கெட்டுப்போகிறது. பயாஸ் கடவுச்சொல்லை நீக்காமல் அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சொல் தெரிந்தவர் வேலையை விட்டே போயிருப்பார். நிறுவனக் கணினிகளைப் பதிந்துவைக்கும் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து கணினியின் பெயரை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் முதல் திரையிலேயே பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். தரவு பத்திரமாக அழிய வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி நொறுக்குங்கள். மதர்போர்டைத் தொடாதீர்கள், உரிமம் அங்கேதான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கிற தமிழர்கள் இந்த ஊரில் எவ்வளவோ பேர். உங்கள் அலுவலகத்தில் அடுத்த தொகுதி மடிக்கணினிகளைக் கழிக்கும்போது, கடவுச்சொல்லை நீக்கி, பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, சார்ஜரையும் கூட வைத்துக் கொடுங்கள்.